தெற்கு பன்னிரண்டு டிகிரியில் சார்ட் கடை

என் கடை இப்போது இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அட்டை சொல்கிறது. அட்டையில் என் புகைப்படம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. 'கடை அமைவிடம்' என்று போட்டு, அதற்குக் கீழே தெற்கு 12 டிகிரி 13 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 3 நிமிடம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆழம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். சார்ட் மாட்ட ஒரு ஆணி அடிக்கக்கூட வசதிப்படாது.

என் பெயர் குலாம் ரசூல். கிரிவலப் பாதையில் எமலிங்கத்தைத் தாண்டி இருநூறு அடி நடந்தால் இடது கைப்பக்கம் என் கடை. கடை என்றால் ஆறடிக்கு நாலடி பலகை, மேலே நீலத் தார்ப்பாய், பின்னால் ஒரு கம்பி, கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கும் சார்ட்டுகள். பழங்கள், காய்கறிகள், வீட்டு விலங்குகள், காட்டு விலங்குகள், உயிரெழுத்து, வாய்ப்பாடு, உடல் உறுப்புகள், இந்தியா, உலகம். எல்லாவற்றையும்விட ஜாஸ்தி விற்பது கிரிவலப் பாதை வரைபடம். நடுவில் மலை, சுற்றிலும் எட்டு லிங்கம், லேமினேட் செய்தது. இருபத்தாறு வருஷமாக அதே இடம். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு ஒரு பாய் மலைப்படம் விற்கிறாரே என்று வெளியூர்க்காரர்கள் சிலர் முதலில் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு விலையைக் கேட்டுவிட்டு, மதத்தை மறந்து பேரம் பேசுவார்கள்.

எனக்கு இடது பக்கம் மதகு. வலது பக்கம் பாஞ்சாலை. சுக்குக் காபியும் அவித்த வேர்க்கடலையும் விற்கிறவள், கீழ்பென்னாத்தூர்க்காரி, இருபது வருஷமாகப் பக்கத்துக் கடை. அவள் அடுப்புப் புகை என் சார்ட்டுகளில் படிகிறது என்று நானும், என் சார்ட்டுகள் அவள் கடையை மறைக்கின்றன என்று அவளும் தினம் ஒருமுறையாவது சண்டை போட்டுவிடுவோம். அவள் கடை திறக்காத நாளில்தான் எங்களுக்குள் சமாதானம்.

இந்த ஊரில் திசை என்பது மலையிலிருந்து ஆரம்பிக்கிறது. குபேரலிங்கம் வடக்கு, எமலிங்கம் தெற்கு. வீடு கட்டுகிறவர், ஆட்டோக்காரர், தபால்காரர், பெண் பார்க்கப் போகிறவர் எல்லோருக்கும் மலைக்குத் தெற்கே, மலைக்கு வடக்கே என்றால்தான் புரியும். பூமத்திய ரேகை என்று ஒன்று இருப்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. அதைக் குறிப்பு வைத்து இதுவரை யாரும் என்னிடம் வழி கேட்டதில்லை.

போன ஆடியில், பாதைக் கடைக்காரர்களுக்கெல்லாம் அடையாள அட்டை தருகிறோம் என்று அரசாங்கத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். வந்தவள் கவியா, அடி அண்ணாமலைப் பெண், ஒப்பந்த வேலை. கையில் டேப்லட். கடை முன்னால் நின்று ஒரு பொத்தானை அமுக்கினால் அது வானத்தைக் கேட்டு, இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும். எனக்கு முன்னால் நாற்பது கடைக்கு அப்படித்தான் குறித்தது. என் முறை வந்தபோது திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த இடப் பட்டியலைப் பார்த்து டிகிரியையும் நிமிடத்தையும் விரலாலேயே அடித்தாள். கடைசியில் ஒரு கட்டம் பாக்கி. வடக்கு, தெற்கு என்று இரண்டு புள்ளி, ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும்.

"பாய், இது வடக்கா, தெற்கா?"

"எமலிங்கம் எந்தக் காலத்துலம்மா வடக்குல இருந்துச்சு? தெற்குதான், போடு."

போட்டாள். மலையைப் பார்த்து வளர்ந்தவள், அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த கடை பாஞ்சாலையுடையது. அதற்குப் போனதும் திரையில் சுற்றல் நின்றுவிட்டது, பொத்தானை அமுக்கினாள், வேலை முடிந்தது. ஆக, இந்தப் பதினாலு கிலோமீட்டர் பாதையில் டிகிரி போட்ட படம் விற்றுச் சோறு தின்கிற ஒரே ஆளான நான்தான் என் கடையை என் வாயாலேயே கடலில் தள்ளினேன். எனக்கு ஒரு சமாதானம் உண்டு. உலக வரைபடம் ஒன்று விற்பதற்குள் கிரிவல வரைபடம் முப்பது விற்றுவிடும். புத்தி முப்பதின் பக்கம் சாய்ந்தது.

அட்டை வந்ததும் புகைப்படத்தை மட்டும் பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது. நானே லேமினேட் போட்டு, பலகையின் முன்பக்கம் தொங்கவிட்டேன். நாலு மாதம் என் தவற்றை ஊர் பார்க்க நானே விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குமரேசன் வந்தார். கடைகளைச் சரிபார்க்கிற மேற்பார்வையாளர். ஒழுங்காகச் சட்டை இன் செய்து, யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்கிறவர். அட்டையில் இருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்தார். போனில் வரைபடம் திறந்தது. நீலம். விரலால் சுருக்கிப் பார்த்தார், நீலம். இன்னும் சுருக்கினார், அதுவும் நீலம். நாலாவது தடவை சுருக்கியபோது திரையின் மேல் ஓரத்தில் இலங்கை எட்டிப் பார்த்தது.

"உங்க கடை இங்க இல்ல பாய்" என்றார், மரியாதையாக.

நீங்கள் சாய்ந்துகொண்டு நிற்பது யார் பலகை என்று கேட்டேன். அது தெரிகிறது, ஆனால் சிஸ்டத்தில் இந்த இடம் காலி என்று காட்டுகிறது என்றார். விதிப்படி ஒரு கடை குறித்த இடத்திலிருந்து பத்து மீட்டர் வரை தள்ளியிருக்கலாமாம். கணக்குப் போட்டுச் சொன்னார்: நான் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தேன். எமலிங்கத்தருகே காலி இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததுமே அங்கே தீபத்துக்கு ஒரு செல்ஃபி மேடை போட முடிவாகிவிட்டதாம். பின்னால் மயில் தோகை, நடுவில் நிற்க இடம். பத்து நாளில் நான் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். என் தொழிலுக்குத் தடை ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அட்டையில் உள்ள இடத்தில் தாராளமாகக் கடை போட்டுக்கொள்ளலாம்.

பாஞ்சாலை காபி ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். குமரேசன் போனதும், "அப்ப இனிமே உன் படம் என் கடைய மறைக்காது" என்றாள். அன்றைய சண்டை அதோடு ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து உலகப் படத்தைத் தரையில் விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாள் என் மனைவி அஜ்மத் பேகம். தெற்கே பத்தாவது கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்து மேற்கிலிருந்து இழுத்தேன். அட்லாண்டிக்கிலிருந்து வந்து அங்கோலாவில் கரையேறுகிறது. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கப் பக்கம் போய், மலாவி ஏரியைத் தாண்டி, மொசாம்பிக்கில் மறுபடி கடலில் இறங்குகிறது. மடகாஸ்கரின் வடக்கு மூக்கைத் தொட்டும் தொடாமலும் போகிறது. அதற்கப்புறம் தண்ணீர்தான். விரல் போய்க்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் என் கடை. அதையும் தாண்டி நெடுந்தூரம் போனால் கோகோஸ் என்று பொட்டுப்பொட்டாகச் சில தீவுகள். அப்புறம் ஆஸ்திரேலியாவின் வடக்கு முனை, பசிபிக், பெரு நாட்டில் லிமா நகரத்தின் தெற்கு ஓரம், பொலிவியா, பிரேசில், மறுபடி அட்லாண்டிக். உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். இத்தனை வருஷம் இந்தப் படத்தை விற்றும், வாங்குகிறவர்கள் சுருட்டிக் கட்டித் தரச் சொல்வார்களே தவிர, இப்படி ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது நானாகத்தான் இருக்கும்.

போனில் தேடிப் பார்த்தேன். என் கடைக்குப் பக்கத்து நிலம் டீகோ கார்சியாவாம், தொள்ளாயிரம் கிலோமீட்டர். அங்கே ராணுவத் தளம் இருக்கிறது, பழங்கள் சார்ட் வாங்குகிற கூட்டம் இல்லை. கார்த்திகையில் இங்கே தார்ப்பாய் ஒழுகும்போது அங்கே பகல் நீளம், சூரியன் உச்சிக்குத் தெற்கே நிற்கும். புயல் வந்தால் வலச்சுற்றாகச் சுற்றுமாம். கிரிவலமும் வலச்சுற்றுதான். அந்த ஒரு விஷயத்தில் அந்த இடம் எங்கள் ஊரோடு ஒத்துப்போகிறது. கோகோஸ் தீவில் சில நூறு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள் என்று படித்ததும், அப்படியென்றால் பள்ளிவாசல் இருக்கும், வெள்ளிக்கிழமைக்குக் கவலை இல்லை என்றாள் பேகம்.

"அங்க வேற சார்ட் கடை இருக்குதா?"

"இல்ல."

"அப்ப போட்டி கம்மி."

சிரித்தாள், நானும் சிரித்தேன். டம்ளர்களை எடுத்தபோது படம் தானாகச் சுருண்டுகொண்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்கு அறுபது வயது. எமலிங்கத்து இடம் போனால் வேறு எங்கே பலகை போட்டாலும் அங்கே ஏற்கெனவே ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவன் என்று என்னை ஓரத்துக்குத் தள்ளுவார்கள், இருபத்தாறு வருஷம் நான் தள்ளியதைப் போலவே. பேகத்திடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. படத்தை எப்போதும் போடுவதைவிட இறுக்கமாக நூல் போட்டுக் கட்டினாள்.

மறுநாள் அந்தப் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் போனேன். அட்டை கொடுக்கிற ஆபீசில் என் விஷயத்தைப் பார்ப்பவர் பலராமன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கோபப்படாமல் முழுக்கக் கேட்டார். மேஜைமேல் படத்தை விரித்து, இது வடக்கு, இது தெற்கு, இது நாம், இது அட்டை என்று காட்டினேன். ரொம்ப சுவாரசியமாகப் பார்த்தார். அவருடைய மச்சான் ஆஸ்திரேலியாவில் டார்வினில் இருக்கிறாராம், அது எங்கே என்று கேட்டார். காட்டினேன். என் கடையும் அவர் மச்சான் வீடும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருவதைக் கண்டு அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அப்புறம் சட்டத்துக்கு வந்தார். திருத்தம் செய்யலாம், கண்டிப்பாகச் செய்யலாம். ஆனால் திருத்தம் என்றால், முதலில் அட்டையில் உள்ள இடத்தை ஒரு அலுவலர் நேரில் போய்ப் பார்த்து, அங்கே கடை இல்லை என்று எழுத வேண்டும். அது இல்லாமல் கோப்பு நகராது. கடலுக்கு நடுவில் யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். அதுதான் பிரச்சினை என்று அவரும் வருத்தப்பட்டார். அவர்களுக்கு ஜீப் இருக்கிறது, ஆனால் மாவட்டத்துக்குள் மட்டும்தான் போகலாம்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் அடுத்த வழியைச் சொன்னார். திருத்தம் வேண்டாம், இடமாற்றம் கேளுங்கள். தெற்கு பன்னிரண்டு டிகிரியில் உள்ள என் கடையை, எனக்கு அங்கே வியாபாரம் சரியில்லாத காரணத்தால், எமலிங்கம் அருகே காலியாக உள்ள இடத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம். ஒரே நாளில் விசாரணை, ஒரே வாரத்தில் உத்தரவு. அதற்கு மூன்று விஷயம் வேண்டும். விசாரணை நாளில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒரு உறுதிமொழி தர வேண்டும்.

உறுதிமொழித் தாளை நீட்டினார். 'மேற்படி இடத்தில் நான் இதற்கு முன் எக்காலத்திலும் கடை வைத்திருந்ததில்லை என்று மனமார உறுதி கூறுகிறேன்.'

இரண்டு முறை படித்தேன். நான் அங்கேதான் இருக்கிறேன், அதனால்தானே அதைக் கேட்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னால் எனக்கு இரண்டு இடம் என்று ஆகிவிடுமாம், கடலில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டு இடம் வைத்திருப்பவர்களுக்கு இடமாற்றம் கிடையாது. "பேப்பருக்குத்தான பாய். நீங்க இருந்தது எங்களுக்குத் தெரியாதா?" என்றார் பலராமன். அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மலைக்குத் தெரியும். பேப்பருக்குத்தான் தெரியாது, ஆகையால் பேப்பருக்காக நான் பொய் சொல்ல வேண்டும்.

போட்டேன். பேனா எங்கும் சிக்கவில்லை, மை நின்றுவிடவில்லை. பொய்க்குப் போட்ட கையெழுத்தும் என் கையெழுத்து மாதிரியேதான் இருந்தது. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது வெட்கமாக இருந்தது. பேகத்திடம் வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

விசாரணைக்குக் குறித்த நாள் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. ஏழு மணிக்கே போய் நானும் பேகமும் கடையைப் பிரித்தோம். சார்ட்டுகளை வகைவகையாகச் சாக்கில் போட்டோம், கம்பியை அவிழ்த்தோம், தார்ப்பாயை மடித்தோம், பலகையைத் தூக்கி மதகுக்கு அந்தப் பக்கம் சாய்த்தோம். நான் அங்கே இருந்ததேயில்லை என்பதற்கு அரைமணி நேரம் கஷ்டப்பட்டு ஆதாரம் தயாரித்தோம். தரையில் நாலு கால் நின்ற இடத்தில் நாலு குழி மட்டும் மிச்சம். பேகம் காலால் மண்ணைத் தள்ளி அதையும் மூடினாள்.

பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, காலி இடத்தைக் காவல் காத்தோம். ஒன்பது மணிக்கு வர வேண்டிய குமரேசன் பதினொன்று வரை வரவில்லை. அதற்குள் ஒரு ருத்ராட்ச மாலைக்காரர் வந்து துண்டை விரித்தார், கும்பிட்டு எழுப்பினேன். பெங்களூர் கார் ஒன்று வந்து நின்றது, கெஞ்சி நகர்த்தினேன். எந்த உரிமையில் கேட்கிறீர்கள் என்று அந்த டிரைவர் கேட்டார். எனக்கு இந்த இடத்தோடு சம்பந்தமே இல்லை என்று போன வாரம்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், அதனால் மறுபடியும் கெஞ்சினேன். பாஞ்சாலை மட்டும் சும்மா இருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கடலை அண்டாவை என் இடத்துக்குள் ஒரு முழம் நகர்த்தி வைத்தாள். கத்தலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான், அண்டா காலி இடத்தில்தானே இருக்கிறது என்று நினைவு வந்து உட்கார்ந்தேன்.

குமரேசன் வந்தார், வணக்கம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். காலி இடத்தை நாலு பக்கமும் படம் பிடித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பக்கத்துக் கடைக்காரர் என்று பார்த்தால், மதகு கையெழுத்துப் போடாது, பாஞ்சாலை ஒருத்திதான். முந்தின நாளே பேகம் அவளிடம் போய்ப் பேசி, சும்மா ஒரு கையெழுத்து என்று சொல்லி வைத்திருந்தாள். பாஞ்சாலையும் தலையாட்டியிருந்தாள். குமரேசன் தாளைக் கிளிப் அட்டையில் வைத்துப் பேனாவோடு நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள்.

படித்தார். "மேற்படி குலாம் ரசூல் என்பவர் இந்த இடத்தில் கடை வைத்திருந்து நான் எக்காலத்திலும் பார்த்ததில்லை."

"யாரை?"

"இவரைத்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் போடு என்று கண்ணால் சொன்னேன். பேகம் வாயாலேயே சொன்னாள், போட்டுடு பாஞ்சாலம்மா, எங்களுக்கு நல்லது என்று. பேனாவை வாங்கியவள் திரும்பக் குமரேசன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"இருபது வருஷமா தினம் இந்த ஆளுகூட சண்ட போடறேன் சார். பார்த்ததே இல்லன்னா நான் இன்னா காத்துகூடவா சண்ட போட்டேன்?"

குமரேசன் இது வெறும் பேப்பருக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு செத்து பதினேழாம் நாளு கடை தொறந்தேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாவம் பாவம்னாங்க. காபிய குடிச்சிட்டு என் மூஞ்சியவே பார்த்தாங்க. இந்த ஆளு மட்டும், புகை வருது, அடுப்ப அப்பால தள்ளுன்னு கத்துனாரு. அன்னிக்கு ஒருத்தர்தான் என்கிட்ட எப்பவும் போல பேசுனது. அத இல்லன்னு எழுதச் சொல்றீங்க. என்னால ஆகாது."

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அவள் கணவர் இறந்தது தெரியும், ஐந்தாறு வருஷம் இருக்கும். அன்று நான் கத்தியது அனுதாபத்தால் அல்ல, புகையால்தான். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். ஆனால் அவள் அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறாள், ஒரு நாளும் சண்டையைக் குறைக்காமல். கூடவே கோபமும் வந்தது. இவளுடைய நியாயத்தால் என் இடம் போகப்போகிறதே என்ற கோபம்.

குமரேசன் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சாட்சி கையெழுத்துப் போடாவிட்டால் அதை ஆட்சேபம் என்று எழுத வேண்டும், வேறு வழியில்லை என்றார். மதகின் மேல் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்: விண்ணப்பதாரர் மேற்படி இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கடை நடத்தி வருவதாகப் பக்கத்துக் கடைக்காரர் திருமதி பாஞ்சாலை ஆட்சேபம் தெரிவிக்கிறார். அதற்குக் கீழே அவள் உடனே கையெழுத்துப் போட்டாள். பெரிய பெரிய எழுத்து, தாளின் ஓரம் வரை போனது.

அவர் போன பிறகு பலகையை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றோம். போட்டால் ஆக்கிரமிப்பு, போடாவிட்டால் பட்டினி. பாஞ்சாலை தன் அண்டாவை இழுத்துக்கொண்டாள். முழுசாக இல்லை, அரை முழம். போடாமல் என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று எங்களை அதட்டினாள். போட்டோம். அந்த வாரம் முழுவதும், யாராவது சட்டை இன் செய்துகொண்டு வந்தாலே நான் கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. குமரேசனே கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பேகம்தான் பிரித்துப் படித்தாள். மேற்படி இடம் காலி இடம் அல்ல என்றும், விண்ணப்பதாரர் அதே இடத்தில் நெடுங்காலமாகக் கடை நடத்தி வருகிறார் என்றும் ஆட்சேபத்தின் பேரில் நடந்த கள விசாரணையில் தெரியவந்ததால், அவ்விடத்துக்கு இடமாற்றம் கோரும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

நான் ஏற்கெனவே இங்கே இருப்பதால் என்னை இங்கே வர அனுமதிக்க முடியாது. இருபத்தாறு வருஷத்தில் நான் இங்கே இருக்கிறேன் என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை, அதுவும் முத்திரையோடு. இடம் காலி இல்லை என்று ஆகிவிட்டதால் மயில் தோகை நிருதிலிங்கத்துப் பக்கம் போய்விட்டதாகக் குமரேசன் சொன்னார். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. அந்த ஆட்சேபத்தை அவர் மதகின் மேல் உட்கார்ந்து அவ்வளவு நிதானமாக எழுதியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் விதியைச் சொல்லுவார்.

அட்டையைத் திருத்தவில்லை. கடல் கடை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. விதிக்கு விரோதமாக இரண்டு கடை வைத்திருப்பவன் நான்.

தீபம் முடிந்ததும் ஒருநாள் வேங்கிக்கால் போய், நான் கொடுத்த உறுதிமொழித் தாளை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று பலராமனிடம் கேட்டேன். விண்ணப்பத்தைத்தான் நிராகரித்தாயிற்றே, அது உங்களுக்கு எதற்கு என்றேன். அது கோப்பின் பகுதி, தர முடியாது என்றார், தண்ணீர் கொடுத்துவிட்டு. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பைத் திறந்து காட்டினார். நூலில் கோத்த இரண்டு தாள், ஒன்றன்மேல் ஒன்று. நான் இங்கே இருந்ததேயில்லை என்று என் கையெழுத்து. அவர் இருந்தார் என்று பாஞ்சாலையின் கையெழுத்து. அரசாங்கம் என்னை நம்பவில்லை, அவளை நம்பியிருக்கிறது.